நூற்றுப்பதினேழாவது இலை

கொம்பையன்பட்டியில் வீடுகளை எண்ணுவதற்கு இரண்டு கணக்கு உண்டு. சர்க்கார் கணக்கு பத்து வருசத்துக்கு ஒருமுறை வரவேண்டும். இந்தமுறை அதுவும் தவணை தவறி, ஆடி அசைந்து வந்து சேர்ந்தது. ஓடைக்கரைச் சாமி ஓடைக்கருப்பின் கணக்கு அப்படியில்லை. ஆடிக்கு ஆடி, கிடா வெட்டுகிற ஞாயிற்றுக்கிழமை, மேலத்தெருவில் எத்தனை தலைக்கட்டு என்று பார்த்து, தலைக்கட்டுக்கு ஓர் இலை விரித்து, இலைக்கு ஒரு கூறு கறி வைத்துவிடுவார்கள். தலைக்கட்டு என்றால் கல்யாணமான ஆம்பளை இருக்கிற குடும்பம். இலையை எண்ணினால் தெரு எவ்வளவு பெரிசு என்று தெரிந்துவிடும். அதற்கு எந்த அதிகாரியும் மேலத்தெருவுக்கு வரவேண்டியதில்லை.

ஊர் இருக்கிற இருப்பையும் சொல்லிவிட வேண்டும். மேற்கே மலை, மலைக்கு அந்தப்பக்கம் கேரளா. கிழக்கே வயல்கள் இறங்கி இறங்கி முல்லையாற்றில் போய் முடியும். வடக்கே திராட்சைப் பந்தல், தெற்கே தென்னந்தோப்பு. மலையிலிருந்து வருகிற ஓடை ஒன்று ஊரை நடுவே வகுந்துகொண்டு போகிறது. இந்த இத்தனூண்டு இடத்துக்குள் பதினைந்து வார்டு, இரண்டு தண்ணீர்த் தொட்டி, ஒரு பள்ளிவாசல், நாலைந்து கோயில், ‘பேரூராட்சி தங்களை அன்புடன் வரவேற்கிறது’ என்று ஒரு சிமெண்டு வளைவு. வளைவுதான் வரவேற்கிறதே தவிர, உத்தமபாளையம் பஸ் கை காட்டினால்தான் நிற்கும். படித்த பிள்ளைகள் திருப்பூருக்கும் சென்னைக்கும் போய்விட்டார்கள். மற்றவர்கள் விடியுமுன் ஜீப்பில் அடைந்துகொண்டு, கம்பம்மெட்டு வழியாக மலையேறி, ஏலத்தோட்டத்தில் வேலை பார்த்துவிட்டுப் பொழுது சாயத் திரும்புவார்கள். பட்டப்பகலில் எண்ண வருகிற ஆளுக்கு இந்த ஊரில் பூட்டும் கோழியும்தான் கண்ணில் படும்.

அதனால்தான் மேலத்தெருவை எண்ணுகிற வேலையை உள்ளூர்க்காரன் வேல்பாண்டியிடம் கொடுத்தார்கள். அவன் பேரூராட்சியில் பில் கலெக்டர். வீட்டு வரி, தண்ணீர் வரி கேட்டு எல்லா வாசலிலும் நின்றவன். கருப்பு கோயிலில் இலை விரித்துக் கூறு வைக்கிற உரிமையும் அவன் அப்பா காலத்திலிருந்து அவன் குடும்பத்துக்குத்தான். ஊரின் இரண்டு கணக்கும் ஒரே ஆளின் கைக்கு வந்தது இதுதான் முதல் தடவை. ஆள் கொஞ்சம் மிதப்பாகவே திரிந்தான்.

கணக்கெடுப்புக்குப் பயிற்சி கொடுத்தவர்கள் ஒரு விஷயத்தைச் சலிக்காமல் சொன்னார்கள். ஒரு கூரைக்குக் கீழே இருப்பவர்கள் எல்லாரும் ஒரே குடும்பம் ஆகிவிட மாட்டார்கள். ஒரே அடுப்பில் சமைத்துச் சாப்பிடுகிறவர்கள்தான் ஒரு குடும்பம். ஒரு வீட்டுக்குள் இரண்டு அடுப்பு தனித்தனியாக எரிந்தால், குடும்பம் இரண்டு. வேல்பாண்டி நன்றாகத் தலையாட்டிக் கேட்டுக்கொண்டான். கை பழகட்டும் என்று போனில் முதலில் தன் வீட்டையே பதிந்தான். அவன், மனைவி அனுசுயா, பள்ளிக்கூடம் போகும் பிள்ளைகள் இரண்டு பேர், தங்கச்சி சுப்புத்தாய். குடும்பம் ஒன்று. தலைவர் வேல்பாண்டி.

எடுத்த எடுப்பிலேயே பொய்.

சுப்புத்தாயை ஜெயமங்கலத்தில் கட்டிக் கொடுத்திருந்தார்கள். புருசனுக்கு வாய் பேசுமுன் கை பேசிவிடும். பல வருசம் பொறுத்துப் பார்த்துவிட்டு, ஒருநாள் தகரப்பெட்டியோடு தானே பஸ் ஏறி வந்துவிட்டாள். அண்ணன் வீட்டில் அவளுக்கு ஒரு குறையும் இல்லை. அனுசுயாவும் முகம் சுளிக்கிற ரகம் இல்லை. ஆனால் வந்த கொஞ்ச நாளிலேயே சுப்புத்தாய் தோட்டத்து ஜீப்பில் ஏறத் தொடங்கினாள். வீட்டுக்குப் பின்னால் சும்மா கிடந்த மாட்டுக்கொட்டத்தைப் பூசி, வெள்ளையடித்து, சின்ன காஸ் அடுப்பு ஒன்று வாங்கி வைத்துத் தனியாகப் பொங்க ஆரம்பித்தாள்.

“மதினி கையால வாங்கித் திங்கிறது ஒன்னும் கசக்கலண்ணே. என் கையால பொங்கித் திங்கணும்னு இருக்கு, அம்புட்டுத்தான்” என்றாள்.

சண்டையும் இல்லை, சச்சரவும் இல்லை. வேல்பாண்டிக்குத்தான் அது முள்ளாக உறுத்தியது. வாழாமல் வந்த தங்கச்சிக்கு ஒரு வாய் சோறு போட வக்கில்லாமல் தனி உலை வைக்க விட்டுவிட்டான் என்று நாலு பேர் பேசமாட்டார்களா? யார் கேட்டாலும் ‘எல்லாம் ஒன்னாத்தான் இருக்கோம்’ என்று சொல்லிப் பழகியிருந்தான். பழக்க தோசத்தில் சர்க்காரிடமும் அதையே சொல்லிவிட்டான். தங்கச்சி மேலுள்ள பாசத்தால் அப்படி எழுதியதாக அவன் நினைப்பு. பாசம் இல்லாமல் இல்லை. அதைவிட மானம்தான் அவனுக்குப் பெரிதாக இருந்தது.

அடுத்த வீடுகளில் மட்டும் ஐயா ரொம்பக் கறார். சாரல் தூறிக்கொண்டிருந்த ஒரு சாயங்காலம் சின்னக்கருப்புவின் வீட்டு வாசலில் குடையோடு நின்றான். சின்னக்கருப்பும் அவர் தம்பியும் ஒரே வீட்டில், நடுவில் ஒரு தட்டியைக் கட்டிக்கொண்டு, ஒருத்தர் முகத்தை ஒருத்தர் பார்க்காமல் இருப்பவர்கள்.

“ஒரே குடும்பம்னு போட்டுருங்க மாப்ள. ரெண்டுன்னு எழுதுனா செத்துப்போன எங்க ஆத்தாளுக்குக் கேவலம்” என்றார் சின்னக்கருப்பு.

“அடுப்பு ரெண்டுன்னா குடும்பம் ரெண்டுதான் மாமா. கவர்மெண்டுகிட்ட நம்ம இஷ்டத்துக்குச் சொல்லப்படாது” என்றான் வேல்பாண்டி. சொல்லும்போது குரல் கொஞ்சம்கூடத் தடுமாறவில்லை.

தெருவில் நடக்க நடக்க அவனுக்கு மனசு கனத்தது. வரி கேட்டு நின்ற வாசல்கள்தான். ஆனால் வரி கேட்கும்போது பணம் வருமா என்பதுதான் நினைப்பாக இருக்கும். உள்ளே எத்தனை பேர் இருக்கிறார்கள் என்று அவன் நின்று யோசித்ததில்லை. மூன்று மகன்களைப் பெற்ற ஒரு வீட்டில் அப்பனும் ஆத்தாளும் மட்டும் இருந்தார்கள். “மூணு பேரையும் எழுதிக்கப்பா, தீவாளிக்கு வருவாகள்ல” என்றார் அந்த அப்பன். அப்படி எழுத முடியாது, இருக்கிற இடத்தில்தான் எழுதுவார்கள் என்று சொல்லிவிட்டு நகர்வதற்குள் அவனுக்குப் போதும் போதும் என்றாகிவிட்டது. அடுத்தடுத்து நாலு வீடு பூட்டு. ஒரு பூட்டில் துரு ஏறி, சாவித் துளையில் குளவி கூடு கட்டியிருந்தது. அந்த வீட்டுக்கும் கருப்பு கணக்கில் ஓர் இலை உண்டு. பங்காளி ஒருத்தன் வாங்கிப்போய்த் தின்றுகொள்வான். அப்படியெல்லாம் சேர்த்தும் இலை வருசா வருசம் குறைந்துகொண்டுதான் வந்தது.

அவன் எடுத்த கணக்கைச் சரிபார்க்க யாஸ்மின் டீச்சர் வந்தார். உத்தமபாளையத்துக்காரர்; இந்தப் பகுதிக்கு மேற்பார்வை அவர்தான். மழைக்கு ஒதுங்கினாற்போல் வேல்பாண்டி வீட்டிலேயே உட்கார்ந்து போனைப் பார்த்துக்கொண்டிருந்தார். அனுசுயா ரேஷன் கடைக்குப் போயிருந்தாள். ஜீப்பில் வந்து இறங்கிய சுப்புத்தாய், விருந்தாளியைப் பார்த்ததும் தலைத்துண்டைக்கூட அவிழ்க்காமல் பின்னால் ஓடிப்போய் டீ போட்டுக்கொண்டு வந்து வைத்தாள்.

“என்னக்கா, ஏலக்கா இப்படி மணக்குது!” என்றார் டீச்சர்.

“தோட்டத்துச் சரக்கு டீச்சர். என் அடுப்புல டீன்னா ஏலக்கா இல்லாம கொதிக்காது.”

“உங்க அடுப்பா?”

“ஆமா, பின்னாடி இருக்கு. எனக்குத் தனிப் பொங்கல்தான்” என்றாள் சுப்புத்தாய், பெருமையாக.

டீச்சர் போனைப் பார்த்தார், வேல்பாண்டியைப் பார்த்தார். வேல்பாண்டி டம்ளருக்குள் பார்த்தான்.

“சார், இதுல ஒரு திருத்தம் வரும்போலயே” என்றார் டீச்சர் மெதுவாக.

சுப்புத்தாய்க்கு விளங்கிவிட்டது. “என்னைய எப்படிண்ணே எழுதியிருக்க?” என்று கேட்டாள். டீச்சர்தான் படித்தார்: குடும்பத் தலைவர் வேல்பாண்டி, சுப்புத்தாய், தலைவரின் தங்கை.

“ஊருக்குள்ள யாரும் ஒன்னைய ஒரு வார்த்தை சொல்லிறக் கூடாதுன்னுதான்...” என்று இழுத்தான் வேல்பாண்டி.

“என்னையச் சொல்லிறக் கூடாதா, ஒன்னையச் சொல்லிறக் கூடாதா?”

அவன் டம்ளரைத் தள்ளி வைத்தான்.

“கருப்பு கணக்குல நான் இல்ல” என்றாள் சுப்புத்தாய். குரல் உயரவில்லை, அதுதான் அவனை அதிகம் சுட்டது. “புருசன் செத்தவளுக்கு அரைக் கூறு. புருசன விட்டுட்டு வந்தவளுக்கு அதுவும் இல்ல. அந்தாளு செத்தாத்தான் நான் அரை ஆளு. சரி, அது பழைய கணக்கு, போகட்டும்னு விட்டேன். இந்தத் தடவை கவர்மெண்டுல அடுப்பப் பாத்து எழுதுறாகன்னு ஜீப்புல பேசிக்கிட்டாக. அதுவும் எங்கண்ணன் கையால எழுதப்போறாருன்னு எல்லாருகிட்டயும் சொல்லிக்கிட்டு வந்தேன். நீயே என்னையக் கரைச்சுட்டியேண்ணே.”

தலைத்துண்டை அவிழ்த்து உதறினாள். ஏலக்காய்ச் சருகு இரண்டு தரையில் விழுந்தது.

“தோட்டத்துல வேலையாளுக தங்குற லயத்துல ஒரு ரூம் இருக்கு. வந்து தங்கிக்க, கதவுல ஒம்பேர எழுதித் தர்றேன்னு கங்காணி ரெண்டு மாசமாக் கேக்குறாரு. அண்ணன் வீடு இருக்கு, நம்ம ஊரு இருக்குன்னு தட்டிக்கிட்டே வந்தேன். இனி எதுக்கு? ஞாயித்துக்கிழமை கருப்பக் கும்பிட்டுட்டு, திங்கக்கிழமை பெட்டியையும் ஜீப்புல ஏத்திக்கிறேன்.”

அவள் பின்னால் போய்விட்டாள். டீச்சர் டம்ளரைக் கீழே வைத்தார்.

“எங்க ஜமாத்துலயும் தலைக்கட்டுக் கணக்குதான் சார்” என்றார். “எங்க அத்தா போனப்புறம் அம்மா தனியாத்தான் எங்கள வளத்தாக. பள்ளிவாசல்ல நார்சா சோறு குடுக்கும்போது நாங்க எங்க மாமா பேரச் சொல்லித்தான் வாங்கிட்டு வருவோம். அதைத் திங்க எங்கம்மா ஒருநாளும் ஒக்காந்ததில்ல. அப்ப எனக்குப் புரியல.”

பதிவைத் திறந்து கொடுத்தார். வேல்பாண்டி தங்கச்சியைத் தன் குடும்பத்திலிருந்து எடுத்து, புதுக் குடும்பம் ஒன்றைப் பதிந்தான். தலைவர் சுப்புத்தாய். இரண்டு தடவை தப்பாக அடித்துத் திருத்தினான். அந்தப் பெயரைத் தன் வீட்டிலிருந்து எடுக்கும்போது அவளை வெளியே தள்ளிக் கதவைச் சாத்துகிறமாதிரி அவனுக்கு வலித்தது. பின்னால் போய்ப் போனைக் காட்டினான். அவள் தகரப்பெட்டியில் சேலைகளை மடித்து வைத்துக்கொண்டிருந்தாள், எட்டிப் பார்த்தாள்.

“சரிண்ணே. போன அமத்திட்டா நான் எங்கன இருக்கேன்?” என்று கேட்டுவிட்டு அடுத்த சேலையை எடுத்தாள்.

ஞாயிற்றுக்கிழமையும் சாரல் விடவில்லை. ஓடைக்கு வடக்கே கருப்பு; தெற்கே புளியமரம். கூறு வைக்கிற நேரம் ஆம்பளைகள் மட்டும் கருப்பு பக்கம் இருப்பார்கள். பெண்கள் தூக்குவாளியோடு புளியமரத்தடியில் நிற்பார்கள். வேல்பாண்டி வாழை இலைகளை அறுத்து வரும்போதே ஓர் இலை கூடுதலாக அறுத்திருந்தான். விரித்துவிட வேண்டும் என்று வீட்டிலிருந்து தீர்மானமாகத்தான் கிளம்பினான். ஆனால் கோயில் பெரியதனம் முத்துவீரன் பக்கத்திலேயே நடந்து வந்து ஒவ்வோர் இலையாக எண்ணினார். அவர் திராட்சை வியாபாரி. கண் பார்க்கும்போதே கை நிறுத்துவிடும்.

“நூத்திப் பதினாறு. போன வருசத்துக்கு ரெண்டு கம்மி” என்று உச்சுக்கொட்டினார். “இப்படியே போனா கருப்புக்குக் கோழிதான் அறுக்கணும். சரியா இருக்காடா?”

“சரியா இருக்கு பெரியப்பா” என்று சொல்லிவிட்டது வேல்பாண்டியின் வாய். கூடுதல் இலை கக்கத்திலேயே இருந்துவிட்டது. சர்க்காரிடம் பொய் சொன்ன அதே வாய்தான்.

கறி வந்தது. புருசன் செத்தவர்களுக்கான அரைக் கூறுகளைத் தனியாக எடுத்து வைத்துவிட்டு, எலும்பு, சதை, ஈரல் என்று எல்லா இலைக்கும் சமமாகப் பிரித்து வைத்துக்கொண்டே போனான். கடைசி இலை முடிந்தபோது அண்டாவில் ஒரு துண்டு மிச்சமில்லை. அப்பா சொல்லிக்கொடுத்த கை. இனி கூறு வைத்தவன் எழுந்து நின்று, இத்தனை தலைக்கட்டு என்று கருப்புக்குக் கேட்கும்படி உரக்கச் சொல்ல வேண்டும். சொன்ன பிறகுதான் யாரும் இலையைத் தொடலாம்.

எழுந்து நின்றான். ஓடைக்கு அந்தப்பக்கம் அத்தனை பெண்களும் தூக்குவாளியோடு நின்றார்கள். சுப்புத்தாய் மட்டும் வெறுங்கையோடு நின்று கருப்பைக் கும்பிட்டுக்கொண்டிருந்தாள். நாளைக்குப் போகிறவள் கும்பிடுகிற கும்பிடு அது.

“இன்னும் ஒரு இலை இருக்கு” என்றான்.

கக்கத்திலிருந்த இலையை உதறி, கடைசி இலைக்குப் பக்கத்தில் விரித்தான். 

“யாருக்குடா?” என்றார் முத்துவீரன்.

“சுப்புத்தாய்க்கு. தனி அடுப்பு, தனிக் குடும்பம்.”

“ஏலே, கிறுக்குப் புடிச்சிருச்சா? புருசன் இல்லாம அது எப்படிறா தலைக்கட்டாகும்?”

“புருசன் இல்லாட்டி வயிறு இல்லாமப் போயிருமா பெரியப்பா? வருசா வருசம் இலை குறையுதுன்னு நீங்கதான் பொலம்புறீக. இதோ, இந்த இலை திருப்பூருல இருக்கிறவனுக்கு. இது சென்னையில இருக்கிறவனுக்கு. வீட்டுப் பூட்டுல குளவி கூடு கட்டியிருக்கு, நான் கண்ணால பாத்துட்டு வர்றேன். பூட்டுக்குக் கூறு வைக்கிறோம். இங்கனயே இருப்பேன்னு அடுப்ப மூட்டிக்கிட்டு இருக்கிறவளுக்கு இல்லைங்கிறோம். நாளைக்கு அவளும் மலைக்கு அந்தப்பக்கம் போயிருவா.” ஓடைக்கு அந்தப்பக்கம் கை காட்டினான். “தனியாப் பொங்குறான்னு சொல்ல நான்தான் வெக்கப்பட்டேன். தப்பு என்னோடது. அவ இந்த ஊர்ல ஒரு வீடு பெரியப்பா.”

முத்துவீரன் வெறும் இலையைப் பார்த்தார், காலி அண்டாவைப் பார்த்தார்.

“கறி எங்கடா இருக்கு? எல்லாத்தையும் வச்சு முடிச்சுட்டியே” என்றார் முத்துவீரன் கடைசியில்.

கறி குறைந்தால் என்ன செய்வது என்று வேல்பாண்டிக்குத் தெரியும். முதலில் தன் இலையிலிருந்து ஒரு துண்டை எடுத்துப் புது இலையில் வைத்தான். அடுத்த இலைக்காரர் சின்னக்கருப்பு. அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டு, “எடு, எடு. என் வீட்டையே ரெண்டாக்குன ஆளு, ஒன் வீட்டையும் ரெண்டாக்கிட்ட. நியாயம்தான்” என்றார். இரண்டு பேர் சிரித்தார்கள். அந்தச் சிரிப்பில் கொஞ்சம் இறுக்கம் தளர்ந்தது. ஓர் இலையிலிருந்து ஒரு துண்டு, அடுத்ததிலிருந்து ஒரு துண்டு என்று வரிசையாக எடுத்துக்கொண்டே போனான். சிலர் தாங்களே குனிந்து எடுத்துக் கொடுத்தார்கள். ஒருத்தர் சின்ன எலும்பாகத் தேடினார். முத்துவீரனின் இலை வந்தபோது வேல்பாண்டியின் கை நின்றது.

“என்ன பாக்குற? ஈரலத் தொடாம எடு” என்று உறுமினார் அவர்.

எல்லா இலையையும் சுற்றி முடித்துத் திரும்பியபோதுதான் எல்லாரும் கவனித்தார்கள். நூற்றுப் பதினாறு இலையிலிருந்து ஒவ்வொரு துண்டு சேர்ந்ததில், சுப்புத்தாயின் இலையில் கறி குவிந்து கிடந்தது. மற்ற இலைகளைப்போல நாலு மடங்கு இருக்கும். சமமாகப் பிரிப்பதில் பேர்போன கை, உணர்ச்சிவசப்பட்டதில் கணக்கைக் கோட்டை விட்டிருந்தது.

“அடேய், ஒரு தலைக்கட்டுன்னு சொல்லிட்டு நாலு தலைக்கட்டுக்கு வச்சிட்டியேடா!” என்று யாரோ கத்த, கூட்டம் விழுந்து விழுந்து சிரித்தது. வேல்பாண்டிக்கு முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை.

அப்போது ஓடையில் காலடிச் சத்தம் கேட்டது. சுப்புத்தாய் சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு கணுக்கால் தண்ணீரில் இறங்கி இந்தப் பக்கம் வந்துகொண்டிருந்தாள். சிரிப்பு நின்றது. கூறு வைக்கிற நேரத்தில் ஒரு பொம்பளை ஓடையைத் தாண்டி அதுவரை யாரும் பார்த்ததில்லை. தடுப்பதா வேண்டாமா என்று யோசித்து முடிப்பதற்குள் அவள் தன் இலைக்கு முன்னால் வந்து குத்தவைத்துவிட்டாள்.

குவியலைப் பார்த்தாள். பக்கத்து இலையைப் பார்த்தாள்.

“பாவம் பாத்து வச்சமாதிரி இருக்குண்ணே” என்றாள். கண் நிறைந்திருந்தது, குரல் தெளிவாகத்தான் இருந்தது. “எனக்குக் கூடவும் வேணாம், கொறையவும் வேணாம். எல்லாருக்கும் எம்புட்டோ அம்புட்டு வையி. மிச்சத்தத் திருப்பி வச்சிரு.”

வேல்பாண்டி மறுபடியும் வரிசையாகப் போனான். இந்தமுறை அவசரப்படாமல் பிரித்துத் திருப்பி வைத்தான். முடித்துவிட்டு அவள் இலையையும் பக்கத்து இலையையும் மாறி மாறிப் பார்த்தான். ஒரு வித்தியாசமும் இல்லை. நிமிர்ந்து நின்று கருப்பைப் பார்த்து, அடிவயிற்றிலிருந்து சொன்னான்: “நூத்திப் பதினேழு தலைக்கட்டு, கருப்பா!”

புளியமரத்தடியிலிருந்து அனுசுயாதான் முதலில் குலவை போட்டாள்.

சுப்புத்தாயிடம் பாத்திரம் இல்லை. இலையோடு சேர்த்து மடித்து மடியில் ஏந்திக்கொண்டு எழுந்தாள். முத்துவீரன் மீசையைத் தடவிக்கொண்டு அவள் முன்னால் வந்து நின்றார். ஏதோ ஒரு வார்த்தையாவது கடுமையாகச் சொல்லாவிட்டால் அவருக்குப் பெரியதனம் எதற்கு?

“கூறு வாங்கிட்ட, சரி. தலைக்கட்டுன்னா கோயில் வரி உண்டுத்தா. அடுத்த ஆனி பொறந்ததும் ஒன் வாசல்ல வந்து நிப்போம். அப்ப அங்கன போயிட்டேன், இங்கன போயிட்டேன்னு சாக்குச் சொல்லப்படாது.”

சுப்புத்தாய் மடியை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள்.

“வாங்க பெரியப்பா” என்றாள். “வீட்டுலதான் இருப்பேன்.”